இல்லத்தில் கிளி வளர்த்தல்

சோளக்கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் நம் புன்செய்க் காடுகளில் ஒரு விந்தையைக் காணலாம். பகற்பொழுதெல்லாம் குடியானவர் பரண்மேல் ஏறித் தகரத்தைத் தட்டியும் கவண்கல் வீசியும் கிளிக்கூட்டத்தைத் துரத்துகிறார். பொழுது சாய்ந்து வீடு திரும்பியதும், அவரே தாழ்வாரத்தில் தொங்கும் கூண்டின் முன் நின்று ஒரு பழத்துண்டை நீட்டி, அன்போடு நாலு வார்த்தை பேசுகிறார். வயலில் பகையாயிருப்பது வீட்டில் பிள்ளையாகிவிடுகிறது.

இது இன்று நேற்று உண்டான வழக்கமன்று. தினைப்புனத்தில் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளைக் கொண்டு கிளி கடிந்த மகளிரைப் பற்றிச் சங்கச் செய்யுட்கள் பேசுகின்றன. அதே கிளியை மதுரையில் மீனாட்சியம்மையின் திருக்கரத்தில் காண்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு நாள்தோறும் மரவள்ளி இலைகளால் புதிதாகக் கிளி செய்து, மாதுளம்பூவால் அதற்கு மூக்கு அமைத்துச் சாத்துகிறார்கள். பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் அழகரிடம் தூது விடக் கிள்ளையையே தேர்ந்துகொண்டார். கிளிக்கும் பூவைக்கும் பேசக் கற்பித்தல் அறுபத்து நான்கு கலைகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது.

உறவு இத்துணைப் பழமையானதாயினும், கிளி எத்தகைய பிராணி என்பதை நம்மில் பலர் சிந்திப்பதில்லை. ஒரு கிளியைச் சிறு கூண்டிலிட்டு, காலையில் ஒரு பச்சை மிளகாயும் மாலையில் ஒரு பிடி சோறும் வைத்தால் வளர்ப்பு முடிந்தது என்று எண்ணுகிறோம். கிளி தனித்து வாழும் பிராணியன்று. கூட்டத்தில் பிறந்து கூட்டத்தில் வாழ்வது. நாம் அதை வீட்டுக்குக் கொண்டுவரும்போது, வீட்டார் அனைவரும் அதன் கூட்டமாக ஆக வேண்டியவர்களாகிறோம். அக்கடமையை ஏற்க இயலுமா என்பதே கிளி வளர்க்க விரும்புவோர் முதலிற் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பற்றிய மட்டில், சட்டத்தையும் முன்னிட்டு வேறொரு விடையும் உண்டு. அவற்றை இங்கே விவரிப்போம்.

ஒரு கிளியின் கதை

எம் இளமையில் பாட்டனார் வீட்டில் ஒரு பச்சைக்கிளி இருந்தது. வயலோரத்து மொட்டைப் பனையின் பொந்திலிருந்து பண்ணையாள் ஒருவர் எடுத்துவந்த மூன்று குஞ்சுகளில் பிழைத்தது அது ஒன்றே. மற்ற இரண்டும் ஒரு வாரத்திற்குள் இறந்தன. பிழைத்ததை எங்கள் பாட்டியார் பாலில் ஊறிய சோற்றை ஊட்டி வளர்த்தார். அது அவருடைய குரலிலேயே, வாயிற்படியில் காலடியோசை கேட்டவுடன், "யாரது, உள்ளே வாங்க" என்று கூறும். ஊரார் அதை மெச்சுவார்கள்.

பாட்டியார் காலமான பின்பு கிளியை யாரும் கவனிக்கவில்லை. ஆகாரமும் தண்ணீரும் தவறாமல் வைக்கப்பட்டன. கூண்டும் சுத்தம் செய்யப்பட்டது. ஆனால் அதனோடு பேசுவார் இல்லை. சில மாதங்களில் அது தன் மார்பு இறகுகளைத் தானே பிடுங்கத் தொடங்கியது. மார்பு முழுவதும் வெறுந்தோலாயிற்று. அந்நிலையிலும் வாயிலில் ஓசை கேட்டால் பாட்டியாரின் குரலில் "உள்ளே வாங்க" என்று அழைப்பதை அது நிறுத்தவில்லை. நாங்கள் அதை வியாதி என்று எண்ணி மஞ்சளும் எண்ணெயும் தடவினோம். அது தனிமையினால் வந்தது என்பதைச் சொல்லுவார் அப்பொழுது எங்களுக்குக் கிடைக்கவில்லை. அக்கிளியிடத்தில் எங்கள் வீட்டார்க்கு அன்பில்லாமல் இல்லை, அறிவுதான் இல்லாமற்போயிற்று. இக்கட்டுரை எழுதத் தூண்டியது அந்நினைவே.

கிளியின் இயல்பு

நம் ஊர்களில் மிகுதியாகக் காணப்படுவது பச்சைக்கிளி. செந்தார்ப் பைங்கிளி என்றும் இதனைக் கூறுவர். வாலுடன் சேர்த்து ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளமுள்ளது. ஆணுக்குக் கழுத்தைச் சுற்றிக் கருமையும் ரோஜா நிறமும் கலந்த ஆரம் உண்டு. பெண்ணுக்கு அது விளங்குவதில்லை. இளங்குஞ்சுகளில் ஆண் பெண் வேற்றுமை தெரியாது. ஆணின் ஆரம் தோன்ற இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும்.

தென்னாட்டில் பெரும்பாலும் மார்கழி முதல் சித்திரை வரையிலுள்ள மாதங்களில் இது மரப்பொந்துகளிலும் பழஞ்சுவர்களின் துவாரங்களிலும் முட்டையிடும். ஓர் ஈட்டுக்கு மூன்று அல்லது நான்கு முட்டைகள். மூன்று வாரங்களுக்குச் சற்று மேற்பட அடைகாத்தலும், அதன்பின் ஏழு வாரங்கள் வரை குஞ்சுகளுக்கு இரையூட்டலும் நடைபெறுகின்றன. குஞ்சு பறக்கக் கற்ற பின்பும் பெற்றோரைப் பின்தொடர்ந்து, எதைத் தின்பது, எதற்கு அஞ்சுவது, எங்கே அடைவது என்பவற்றைக் கூட்டத்தினிடமிருந்தே கற்றுக்கொள்ளுகிறது. மாலைதோறும் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஒரே தோப்பில் வந்து அடைவதை யாவரும் பார்த்திருக்கலாம். இரவில் தனியே தங்கும் கிளி, காட்டில் ஆபத்திற்கு உட்பட்ட கிளியேயாகும். எனவே, தனிமை அதற்கு வெறும் சலிப்பன்று, அச்சம்.

கிளியினங்களின் சமூக வாழ்க்கையைப் பற்றி அண்மைக் காலத்தில் பல உண்மைகள் வெளிவந்துள்ளன. வெனிசுவேலா நாட்டில் ஒருவகைச் சிறுகிளிகளை ஆராய்ந்தவர்கள் 2011-ஆம் ஆண்டு வெளியிட்ட செய்தி வியப்புக்குரியது. அங்கே தாய் தந்தையர் குஞ்சு ஒவ்வொன்றிற்கும் தனித்தனியான ஓர் அழைப்பொலியைக் கூட்டிலேயே கற்பிக்கின்றன. அதாவது, நாம் பிள்ளைகளுக்குப் பெயரிடுவதுபோல் அவையும் பெயரிடுகின்றன. ஆஸ்திரிய நாட்டு ஆராய்ச்சியாளர் 2014-ஆம் ஆண்டில், ஆப்பிரிக்கச் சாம்பற்கிளிகளுள் தனியே அடைக்கப்பட்டவற்றையும் துணையோடு வாழ்ந்தவற்றையும் ஒப்பிட்டனர். உயிரணுக்களிலுள்ள மரபிழைகளின் நுனிப்பகுதி வயது ஏற ஏறத் தேய்வது இயற்கை. தனிக்கிளிகளில் அத்தேய்வு மிகுதியாயிருந்தது. தனிமை கிளியின் உடலையே முதுமைப்படுத்துகிறது என்பது இதனால் விளங்கும்.

பச்சைக்கிளியும் சட்டமும்

வளர்ப்பு முறைகளைக் கூறுமுன் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடித்தலும், விற்றலும், வாங்குதலும், வீட்டில் வைத்திருத்தலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். 2022-ஆம் ஆண்டில் திருத்தப்பெற்று 2023 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த அட்டவணைகளில் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டுள்ளது. குற்றத்திற்கு மூன்றாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தோளில் சிவந்த திட்டுள்ள பெரிய பச்சைக்கிளி, மலைப்பக்கத்துச் செந்தலைக்கிளி முதலிய மற்ற உள்நாட்டு இனங்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. "எங்கள் வீட்டில் தலைமுறையாக இருக்கிறது" என்பதும், "கிளி ஜோசியத்திற்காக வைத்திருக்கிறேன்" என்பதும் சட்டத்தின் முன் நில்லா.

பயிரை அழிக்கும் பறவைக்கு ஏன் பாதுகாப்பு என்று குடியானவர் கேட்பது நியாயமே. சோளம், மக்காச்சோளம், சூரியகாந்தி, கொய்யா ஆகியவற்றில் கிளி தின்பதைக் காட்டிலும் கொறித்துச் சிந்துவது மிகுதி என்பதில் ஐயமில்லை. ஆனால் பொந்திலிருந்து குஞ்சுகளை எடுத்துக் கூண்டிலிடுவதால் வயலில் இறங்கும் கூட்டம் குறைவதில்லை. சேதத்தைக் குறைக்க வேறு வழிகள் உண்டு. ஒரு பகுதியிலுள்ள நிலக்காரர் அனைவரும் ஒரே சமயத்தில் விதைத்தால், முந்திப் பழுத்த ஒரு வயலின்மேல் மட்டும் கூட்டம் விழுவது தவிர்க்கப்படும். கதிர் முற்றும் வாரங்களில் பளபளக்கும் ஒளிநாடாவைக் கயிறுபோல் முறுக்கி வயலின் குறுக்கே கட்டலாம். கொய்யா போன்ற பழமரங்களுக்கு வலையிடலாம். நஞ்சு வைத்தல், கண்ணி வைத்தல் ஆகியவற்றை அறவே விலக்க வேண்டும். அவை சட்டத்திற்கு விரோதமானவை என்பதோடு, வயலெலியைப் பிடிக்கும் ஆந்தை முதலிய நமக்கு உதவியான பறவைகளையும் கொல்லும்.

குஞ்சு எடுப்பவர் பெரும்பாலும் பொந்தைப் பெருக்கவோ மரத்தை வெட்டவோ செய்கிறார்கள். எடுத்த குஞ்சுகளும் இதமான சூடும் தக்க உணவுமின்றி மடிகின்றன. பிழைத்தவை தம் இனத்தின் மொழியையே கற்காமல் வளர்கின்றன. சந்தையில் ஒரு கிளியை விலை கொடுத்து வாங்குகிறவர், காணாத பல குஞ்சுகளின் சாவுக்கும் விலை கொடுத்தவராகிறார்.

ஏற்கெனவே பச்சைக்கிளி உள்ள வீட்டார்

இத்தகையோர் அஞ்சி ஒளிக்க வேண்டுவதில்லை. அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் தெரிவித்துக் கிளியை ஒப்புவிப்பதே முறை. சிலர் கூண்டைத் திறந்து பறக்கவிடுவது புண்ணியம் என எண்ணுகிறார்கள். இது நல்லெண்ணத்தால் விளையும் கொலை. சிறகு வெட்டப்பட்ட கிளிக்கு அவ்விறகுகள் உதிர்ந்து புதியவை முளைக்கும் வரை பறக்க இயலாது. பல ஆண்டுகள் கூண்டிலிருந்ததற்குப் பறக்கும் வலிமையும் இராது. இரை தேடவோ, வல்லூற்றுக்கும் பூனைக்கும் அஞ்சவோ அது கற்றதில்லை. பெரிய பறவைக்கூடத்தில் தன்னினத்தோடு பழகித் தேறிய பின்பே அது வெளியில் வாழத் தக்கதாகும். தேறாதவை அங்கேயே துணையோடு வாழலாம்.

வளர்க்கத் தக்கவை எவை

கிளியோடு வாழ விரும்புவோர்க்கு வழியில்லாமல் இல்லை. வெளிநாட்டிலிருந்து முன்னரே கொணரப்பட்டு, பல தலைமுறையாகக் கூண்டிலேயே இனவிருத்தி செய்யப்பட்டு வரும் இனங்கள் உண்டு.

முதலாவது பட்ஜெரிகர். நம் ஊர்க் கடைகளில் "லவ் பேர்ட்ஸ்" என்று வழங்கப்படுவது பெரும்பாலும் இதுவே. ஆஸ்திரேலியாவின் வறண்ட சமவெளிகளில் பெருங்கூட்டமாக வாழும் இப்பறவையை 1840-இல் ஜான் கூல்ட் என்பவர் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். உருவிற் சிறியது, விலையும் செலவும் குறைவு, ஐந்து முதல் பத்தாண்டு வரை வாழும். முதன்முறை வளர்ப்போர்க்கு இதுவே தக்கது.

இரண்டாவது காக்கடீல். இதுவும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. தலைக்கொண்டையை உயர்த்தியும் தாழ்த்தியும் தன் மனநிலையை வெளிப்படுத்தும், மிகவும் சாதுவானது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழ்வதுண்டு.

மூன்றாவது உண்மையான லவ் பேர்ட். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இக்குறுவால் கிளி இணைபிரியாது வாழ்வதால் அப்பெயர் பெற்றது. பிற பறவைகளோடு சண்டையிடும் குணமுள்ளதால் இதனைத் தனிக் கூண்டில் இணையாக வைக்க வேண்டும்.

ஆப்பிரிக்கச் சாம்பற்கிளியைப் பலர் அதன் பேச்சுத்திறனுக்காக விரும்புகின்றனர். அது நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. ஐம்பது வயதில் ஒருவர் அதனை வாங்குவாரானால், தமக்குப் பின் அதனைக் காப்பவர் யார் என்பதையும் அன்றே தீர்மானிக்க வேண்டும். காடுகளில் அது அருகிவிட்டமையால் 2016-ஆம் ஆண்டு நடந்த சர்வதேச மகாநாட்டில் வியாபாரத் தடைக்குரிய முதற்பட்டியலில் சேர்க்கப்பட்டது. சாம்பற்கிளி, மக்காவ், காக்கட்டூ முதலிய சர்வதேசப் பட்டியலிலுள்ள உயிரினங்களை வைத்திருப்போர், 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, "பரிவேஷ்" என்னும் அரசாங்க இணையவாயிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பட்ஜெரிகர், காக்கடீல், ரோஜாமுக லவ் பேர்ட் ஆகிய மூன்றும் அச்சர்வதேசப் பட்டியலில் இல்லை. எந்தக் கிளியை வாங்கினாலும், கூண்டிலே பிறந்தது என்பதற்கான ரசீதை விற்பவரிடமிருந்து பெற்றுப் பத்திரப்படுத்துவது விவேகம்.

எவ்வினமாயினும் இரண்டாக வாங்குக. வீட்டார் நாள் முழுதும் கூட இருப்பது அரிது. அறுவடைக் காலத்திலோ முழுக் குடும்பமும் களத்திலிருக்கும். அப்பொழுது ஒன்றுக்கொன்று துணையாயிருக்கும். இரண்டாக வைத்தால் மனிதரோடு பழகா என்பது ஓரளவே உண்மை. நாள்தோறும் பொறுமையாகப் பழகினால் இரண்டும் கையில் வந்தமரும்.

கூண்டும் இடமும்

வட்டமான குவிமாடக் கூண்டு அழகாயிருக்கலாம், பறவைக்கு ஆகாது. அது மேலும் கீழும் அன்று, பக்கவாட்டில் பறப்பது. எனவே உயரத்தைக் காட்டிலும் நீளமே முக்கியம். ஓர் இணைப் பட்ஜெரிகருக்கு நீளம் மூன்றடி, அகலம் ஒன்றரையடி, உயரம் இரண்டடி இருப்பது நல்லது; கம்பிகளின் இடைவெளி அரை அங்குலத்திற்கு மேற்படலாகாது. காக்கடீலுக்கு இதனினும் பெரிதாக வேண்டும். திண்ணையின் ஒரு பக்கத்தை வலையடித்துப் பறவைக்கூடமாக்க இடமுள்ள கிராமத்து வீட்டார் பட்டணத்தாரைவிடப் பாக்கியசாலிகள். புதிதாக நாகமுலாம் பூசிய கம்பியையும் ஈயம் கலந்த வர்ணத்தையும் பறவை கொறித்தால் நஞ்சாகும் என்பதை நினைவிற்கொள்க.

உட்காருவதற்கு ஒரே கனமுள்ள வழவழப்பான கோல் இரண்டு வைப்பது பாதப்புண் உண்டாக்கும். வேம்பு, கொய்யா, புளி இவற்றின் பட்டை உரிக்காத கிளைகளைப் பல கனங்களில் வைத்தால் காலுக்குப் பயிற்சியும் அலகுக்கு வேலையும் கிடைக்கும். கொறிப்பது கிளியின் பிறவிக்குணம். அதற்குத் தென்னை மட்டை, சோளத்தட்டை, பனையோலை இவை போன்று நம்மிடம் விலையின்றிக் கிடைக்கும் பொருள்கள் போதும்.

வீட்டார் நடமாடும் அறையின் ஒரு சுவரோரம் கூண்டை வைப்பது உத்தமம். நடுவில் தொங்கவிட்டால் நாற்புறமும் அஞ்சும். ஆளற்ற மூலையில் வைத்தால் வாடும். அடுக்களையில் வைக்கவே கூடாது. பறவையின் சுவாச உறுப்புகள் மிகவும் மென்மையானவை. ஒட்டாப் பூச்சுள்ள பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடேறினால் எழும் ஆவி சில நிமிஷங்களில் கிளியைக் கொன்றுவிடும். கொசுவத்திப் புகையும் சாம்பிராணிப் புகையும் கூடக் கெடுதலே. கூண்டுக்கு வெளியே பறக்க விடுமுன் மின்விசிறியை நிறுத்துதல் வேண்டும். இதனை ஒரு நாள் மறந்ததற்காகப் பல வீடுகளில் கண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

இரவில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருளும் அமைதியும் வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே நள்ளிரவு வரை விழித்திருக்கும் கிளி பகலில் கடிப்பதும் அலறுவதும் இயல்பே.

ஆகாரம்

பச்சை மிளகாய் கிளிக்குப் பிரியமானது. மிளகாயின் காரம் பறவைக்குப் புலப்படுவதில்லை. ஆதலின் நாம் கண்ணீர் வடிக்கும் காயை அது சுவைத்துத் தின்கிறது. இதனாற் கெடுதல் இல்லை; ஆயினும் மிளகாயும் சோறுமே முழு ஆகாரமாகா. சூரியகாந்தி விதை ஒன்றையே நாளெல்லாம் கொடுப்பதும் பெருந்தவறு. விதையில் கொழுப்பு மிகுதி. ஏ உயிர்ச்சத்துக் குறைவு. அதையே தின்னும் கிளிக்கு ஈரலில் கொழுப்பு ஏறும். மூக்கடைப்பும் கண்வீக்கமும் காணும்.

நம் நிலத்தில் விளைவனவே நல்ல ஆகாரம். தினை, கம்பு, சாமை இவற்றை உலர்ந்த தானியமாகவும், பச்சைப்பயறு, கொண்டைக்கடலை இவற்றை ஊறவைத்து முளைகட்டியும் கொடுக்கலாம். முருங்கைக்கீரை, கொத்தமல்லித்தழை, காரட், பூசணி, குடைமிளகாய் ஆகியவை ஏ உயிர்ச்சத்து தருவன. கொய்யா, பப்பாளி, மாதுளை ஆகிய பழங்களைச் சிறிதளவு சேர்க்கலாம். பெட்டைகளுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமாதலால் கணவாயோடு ஒன்றைக் கூண்டில் கட்டிவைப்பது வழக்கம். தண்ணீர் இருவேளையும் மாற்றப்பட வேண்டும். குளிப்பதற்கு அகலமான மண்தட்டில் நீர் வைத்தால் மகிழ்ந்து மூழ்கும்.

வெண்ணெய்ப்பழம், சாக்லெட், காப்பி, வெங்காயம், உப்பு மிகுந்த பண்டங்கள் ஆகாதவை. குடியானவர் இரண்டு விஷயங்களில் விசேஷ ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். முதலாவது, மருந்து தெளித்த வயலிலிருந்து கொணர்ந்த கதிரையும் கீரையையும் கொடுத்தல் கூடாது. இரண்டாவது, பூசணம் பிடித்த நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் "பறவைக்குத்தானே" என்று போடலாகாது. அப்பூசணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுத்துக் கொல்லும்.

பழக்குதலும் பேச்சும்

புதிதாக வந்த பறவையை முதல் வாரம் தொடாமலிருப்பது நலம். நாள்தோறும் ஒரே வேளையில் கூண்டருகே அமர்ந்து மெதுவாகப் பேசுக. பின்பு கம்பியின் வழியாகத் தினைக்கதிரை நீட்டுக. அதன்பின் கூண்டுக்குள் கையை வைத்துக் காத்திருக்க. அது தானே வந்து விரலில் ஏறும் நாளில் பழக்கம் நிறைவேறிற்று எனலாம். பற்றிப் பிடித்தலும், பட்டினியிட்டுப் பணியவைத்தலும், துணியால் மூடித் தண்டித்தலும் பயனற்றவை. கிளி அச்சத்தை எளிதில் மறவாது.

பேச்சைக் குறித்துச் சில சொற்கள். கிளிக்கு நம்மைப்போல் குரல்வளையில் ஒலி பிறப்பதில்லை. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் அடிப்பகுதியிலுள்ள உறுப்பில் பிறக்கிறது. நாவில் எதையேனும் தேய்த்தால் பேச்சு வரும் என்பது வீண் நம்பிக்கை. கிளி பேசுவது தன் கூட்டத்தாரோடு சேர்ந்திருக்கும் பொருட்டே. கூட்டத்தார் பேசும் ஒலியை அதுவும் பேசுகிறது. ஆகவே பேசாத வீட்டில் கிளியும் பேசாது.

அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்னும் அம்மையார் 1977 முதல் அலெக்ஸ் என்ற சாம்பற்கிளியைப் பழக்கினார். 2007-இல் இறக்கும்வரை அது நூறு சொற்கள் அளவில் கற்று, பொருள்களின் நிறம், வடிவம் முதலியவற்றைப் பிரித்துக் கூறியது. ஆறு வரை எண்ணியது. அவர் கையாண்ட முறை எளியது. இரண்டு மனிதர் கிளியின் முன் அமர்வர். ஒருவர் ஒரு பொருளைக் காட்டி அதன் பெயரைக் கேட்பார். மற்றவர் சரியாகக் கூறினால் அப்பொருளைப் பெறுவார். கிளி பார்த்துக்கொண்டிருந்து, தானும் அதில் கலந்துகொள்ள விரும்பும். நம் வீட்டுப் பிள்ளைகள் இருவர் ஒரு கொய்யாத்துண்டைக் கொண்டு மாலையில் கால்மணி நேரம் இவ்வாறு செய்யலாம். பேசாமற்போனாலும் குறையில்லை, அக்கால்மணி நேரமே கிளிக்குப் பெரும்பேறு.

அலறல், கடித்தல், இறகு பிடுங்குதல்

விடியற்காலையிலும் அந்தியிலும் கிளி சற்று நேரம் உரக்கக் கூவுவது இயற்கை. காட்டில் கூட்டம் எழும் வேளையும் அடையும் வேளையும் அவை. அதைப் பொறுக்க மாட்டாதார் கிளி வளர்த்தல் வேண்டா. நாள் முழுதும் அலறுமாயின், "நீங்கள் எங்கே?" என்று அது கேட்பதாகக் கொள்ளலாம். அடுத்த அறையிலிருந்து ஒரு சீழ்க்கையால் மறுமொழி கூறினால் பெரும்பாலும் அடங்கும். அலறியவுடன் ஓடிவந்து அதட்டினால், அலறினால் ஆள் வரும் என்று கற்றுக்கொள்ளும்.

இறகு பிடுங்குதல் கண்டால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, உண்ணியோ தோல்நோயோ ஆகாரக்குறைவோ உண்டா எனத் தெரிந்துகொள்ள வேண்டும். அவை இல்லையெனில் காரணம் தனிமையும் வேலையின்மையுமே. எண்ணெய் தடவிப் பயனில்லை. துணையும், கொறிக்கப் பொருளும், பேச ஆளும், பறக்க இடமும் அளிப்பதே சிகிச்சை. நாள் கடந்தால் பழக்கம் வேரூன்றிவிடும். ஆதலால் தாமதம் கூடாது.

வியாதிகளும் கோழிகளும்

கிளிக்காய்ச்சல் என்பது கிளியின் எச்சத்தூள் வழியாக மனிதரைப் பற்றும் ஒரு நோய். 1929-30-ஆம் ஆண்டுகளில் பல நாடுகளில் இது பரவி அச்சம் விளைத்தது. காய்ச்சல், கடுந்தலைவலி, வறட்டிருமல் இவை குறிகள். இக்காலத்தில் டாக்ஸிசைக்ளின் முதலிய மருந்துகளால் குணமாகும். ஆனால் வீட்டில் கிளி இருப்பதை மருத்துவரிடம் தாமாகவே கூற வேண்டும். கூண்டை உலர்வாகப் பெருக்காமல், தண்ணீர் தெளித்துத் துடைப்பது எளிய காப்பு.

கோழி வளர்ப்போர் அறிய வேண்டியது மற்றொன்று. நம் கோழிகளை மாய்க்கும் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய், கிளிகளையும் பற்றும். சில கிளிகள் வெளிக்குறி இல்லாமலே நெடுங்காலம் அக்கிருமியைப் பரப்பும். 1971-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தோன்றிய பெருவாரி நோய்க்கு இறக்குமதியான கிளிகளே காரணமெனக் கண்டனர். அதனை அடக்க ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பறவைகளை அழிக்க நேர்ந்தது. ஆகையால் புதிதாக வாங்கிய கிளியை முப்பது நாட்களுக்குக் குறையாமல் தனியறையில் வைத்துக் கவனிக்க வேண்டும். கிளிக்கூண்டுக்கும் கோழிக்கூட்டுக்கும் ஒரே துடைப்பமும் ஒரே தீனித்தட்டும் கூடா. கோழிகளுக்குக் காலந்தவறாமல் தடுப்பூசி போடுதல் இரண்டிற்கும் காப்பாகும்.

கிராம அதிகாரிகளுக்கு

தை, மாசி மாதங்களில் குஞ்சு எடுப்போர் தோப்புகளில் திரிவது அதிகாரிகள் அறிந்ததே. பொந்துள்ள பழைய மருது, இலுப்பை, ஆல், பனை மரங்கள் புறம்போக்கில் எங்கெங்கு உள்ளன என்பதைக் குறித்துவைத்து, அம்மாதங்களில் ஊர்க்காவலைக் கொண்டு கண்காணிக்கலாம். பட்டுப்போன தென்னை மட்டும் காண்டாமிருக வண்டுக்கு உறைவிடமாவதால் அகற்றத் தக்கதே. மற்ற மரங்களை வெட்டும் அனுமதிக்குமுன் பொந்தில் குஞ்சு உண்டா எனப் பார்ப்பது நல்லது. வாரச் சந்தையில் பச்சைக்கிளி விற்கப்பட்டால் வனத்துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். குஞ்சு எடுப்பவர் பெரும்பாலும் ஏழைகள். வாங்குவோர் நிலமும் செல்வமும் உள்ள நம்மவரே. வாங்குவோர் இல்லையேல் எடுப்போரும் இரார். ஊரில் முதன்மையானவர் வீட்டுத் தாழ்வாரத்தில் பச்சைக்கிளிக் கூண்டு தொங்காதிருப்பது எந்த அறிவிப்புப் பலகையினும் சிறந்த போதனை.

முடிவுரை

கிளி வளர்க்க விரும்புவோர் இந்நான்கு கேள்விகளுக்கு விடை கண்டுகொள்வார்களாக. நாள்தோறும் ஒருமணி நேரமேனும் அதனோடு இருக்க வீட்டில் ஆள் உண்டா? அறுவடைக் காலத்தில் அதற்குத் துணை உண்டா? பத்துப் பதினைந்து ஆண்டுக்குப் பின்னும் அதைப் பேணுவோம் என்ற உறுதி உண்டா? அது கூண்டில் பிறந்தது என்பதற்குச் சான்று உண்டா? நான்கிற்கும் "உண்டு" என்போர் இரண்டு பறவைகளை வாங்கி மகிழ்வோடு வளர்க்கலாம். பிள்ளைகளுக்கு அதனினும் நல்ல ஆசான் கிடைப்பது அரிது; ஓருயிரை நாள்தோறும் கவனிக்கும் ஒழுங்கை அது கற்பிக்கும்.

"இல்லை" என்போர்க்கும் வருத்தம் வேண்டா. கோடையில் மாடியிலோ முற்றத்திலோ அகன்ற மண்சட்டியில் தண்ணீர் வைத்து, நாள்தோறும் கழுவி நிரப்பி வந்தால், சில நாட்களில் கிளிகள் தாமே வந்து இறங்கும். அவை நம் பெயரைச் சொல்லி அழைக்கமாட்டா. தாகம் தீர்ந்ததும் தம் கூட்டத்தோடு கூவிக்கொண்டு தோப்பை நோக்கிப் பறந்து போய்விடும், மறுநாளும் வரும்.